அம்மாவின் மூட்டு அறுவைக்குப் பிறகு: டெபாசிட்டை முடிக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது. மூன்று வாரத்துக்கு முன் வலது முழங்கால் மூட்டை மாற்றினோம். 5 லட்சம் மருத்துவக் காப்பீட்டுப் பாலிசியில் 2.6 லட்சம் கேஷ்லெஸ்ஸாக, அதாவது காப்பீட்டு நிறுவனமே ஆஸ்பத்திரிக்கு நேராகக் கட்டியதாகக் கிடைத்தது. இப்போது வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட்டுக்குத் தடவைக்கு 600, துணைக்கு இருக்கும் அக்காவுக்கு மாதம் 18,000. ஆறு மாதத்துக்குள் இடது காலையும் செய்யச் சொல்கிறார் டாக்டர். பாலிசி புதுப்பிக்க இன்னும் நான்கு மாதம். பிசியோவை நிறுத்திவிடலாமா? 14 மாதத்துக்கு முன் தபால் நிலையத்தில் போட்ட 10 லட்சம் மூத்த குடிமக்கள் சேமிப்பை முடிக்கலாமா? வங்கியில் 3 லட்சம் எஃப்.டி.யும் உண்டு. - வாசகி, திருச்சி

பதில்: பிசியோவில் மட்டும் கை வைக்காதீர்கள். இந்த வாரங்களில் முட்டி மடங்கிப் பழகாமல் இறுகிவிட்டால், பிறகு மயக்க மருந்து கொடுத்து மடக்க வேண்டிவரும். அது இன்னொரு ஆஸ்பத்திரிச் செலவு.

கேஷ்லெஸ் முடிந்ததும் காப்பீடே முடிந்தது என்று பலரும் ஃபைலை மூடிவிடுகிறார்கள். பெரும்பாலான பாலிசிகளில் டிஸ்சார்ஜுக்குப் பிறகு 60 நாள் வரை மருந்து, பரிசோதனை, டாக்டர் ஃபீஸ் எல்லாம் கேட்கலாம். டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் பிசியோவுக்கும் பல பாலிசிகள் தருகின்றன. ஆனால் வீட்டுக்கு வருவதற்கான கட்டணம், துணையாள் சம்பளம், வாக்கர், முட்டி பெல்ட், கமோடு நாற்காலி ஆகியவற்றைப் பொதுவாகத் தர மாட்டார்கள். டாக்டர் சரி என்றால் ஆட்டோ வைத்து பிசியோ சென்டருக்கே அழைத்துப் போங்கள். பில்லும் ஒழுங்காகக் கிடைக்கும். எல்லா பில்லையும் சேர்த்து, பாலிசி சொல்லும் கெடுவுக்குள் அனுப்பிவிடுங்கள்.

தபால் நிலையப் பணம் அப்படியே இருக்கட்டும். ஓராண்டு தாண்டி இரண்டாண்டுக்குள் முடித்தால் அசலில் 1.5 சதவீதம், அதாவது 15,000 பிடிப்பார்கள். 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் 20,500-ம் நின்றுபோகும். துணைக்கு இருப்பவரின் ஒரு மாதச் சம்பளமே அதில் அடங்குகிறதே! கை கடித்தால் எஃப்.டி. மேல் கடன் வாங்குங்கள். எஃப்.டி. வட்டியைவிட ஒன்றிரண்டு சதவீதம்தான் கூட இருக்கும், தேவையான அளவு மட்டும் எடுத்தால் போதும்.

சரி, இடது கால். இந்தப் பாலிசி ஆண்டில் மிச்சம் 2.4 லட்சம். இப்போது அனுப்பும் பில்களும் அதில்தான் கழியும். புதுப்பித்த பிறகு செய்தால் 5 லட்சமும் முழுசாகத் திரும்ப வந்துவிடும். ஐந்தாவது மாதம் வரை தள்ளினால் காலுக்குப் பாதகம் உண்டா என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள். இல்லை என்றால் தேதியை அப்படி வாங்குங்கள். செயற்கை மூட்டுக்கு 2017 முதல் அரசின் விலை உச்சவரம்பு இருக்கிறது. பில்லில் அதன் விலை தனியாக வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பிரீமியத்தை மட்டும் கடைசி நாள் வரை இழுக்க வேண்டாம், ஒரு வாரம் முன்பே கட்டிவிடுங்கள்.