தெருமுனைப் பள்ளியை எப்படி எடை போடுவது?

கேள்வி: முக்கூடல் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். நான் பீடி சுற்றுகிறேன். கணவர் கேரளாவில் கட்டட வேலை பார்க்கிறார். மகள் வருகிற ஜூனில் ஒன்றாம் வகுப்பு. தெருமுனையிலேயே யூனியன் பள்ளிக்கூடம் இருக்கிறது. மொத்தம் 34 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். “அங்கே போட்டால் பிள்ளை வீணாய்ப் போய்விடும்” என்கிறார் மதினி. அவர் பிள்ளைகள் வேனில் ஆங்கிலப் பள்ளிக்குப் போகிறார்கள். கட்டணம், வேன் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 26,000 ரூபாய் ஆகுமாம். யூனியன் பள்ளி நல்லதா, கெட்டதா என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: சகோதரி, மதினி சொல்வதை வைத்தும் முடிவு செய்ய வேண்டாம், நான் சொல்வதை வைத்தும் முடிவு செய்ய வேண்டாம். ஒரு நாள் காலையில் பீடித் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு அந்தப் பள்ளிக்குப் போங்கள். சேலை எடுக்கப் போனால் முந்தானையை விரித்துப் பார்க்காமல் வாங்குவீர்களா? பணம் கட்டாத இடத்தில் என்ன கேள்வி கேட்பது என்று நம் பெண்கள் தயங்குகிறார்கள். தயங்கவே வேண்டாம். தீப்பெட்டி வாங்கினாலும் வரி கட்டுகிறோம். அந்தப் பணத்தில்தான் பள்ளி நடக்கிறது. தலைமை ஆசிரியரிடம் முதல் நாளே சொல்லிவிட்டுப் போனால் மரியாதையாக இருக்கும்.

எட்டரை மணிக்கெல்லாம் போய்விடுங்கள். 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் காலை உணவு தருகிறார்கள். பொங்கலோ உப்புமாவோ சூடாக இருக்கிறதா, சாம்பார் சாம்பாராக இருக்கிறதா என்று பாருங்கள். அதைவிட முக்கியமாக, பிள்ளைகள் எப்படி உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனைச் சாதி வெறியில் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டியதை நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. யார் பக்கத்தில் உட்காரலாம், யார் பக்கத்தில் கூடாது என்பதை ஒரு பிள்ளை படித்துக்கொள்வது ஆறு, ஏழு வயதில்தான். பந்தி தெருவாரியாகப் பிரிந்து கிடந்து, ஆசிரியர் அதைக் கண்டும் காணாமல் இருந்தால், மற்றது எதுவும் எனக்குப் பெரிதாகத் தெரியாது.

இரண்டு ஆசிரியர்கள்தானே என்று பயப்படாதீர்கள். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், அதற்கு மேல் 90 வரை மூன்று. உங்கள் பள்ளி கணக்கில் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐந்து வகுப்பை இரண்டு பேர் பார்க்கிறார்கள் என்பதும் உண்மை. ஒருவர் விடுப்பில் போனாலோ, பயிற்சிக்குப் போனாலோ என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இதை ஆசிரியரைவிடப் பள்ளிக்கு எதிரே கடை வைத்திருப்பவர் நன்றாகச் சொல்வார்.

அடுத்து நோட்டு. கட்டடமும் சுவர் ஓவியமும் ஒரு பள்ளியைப் பற்றிச் சொல்லாததை மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் தமிழ் நோட்டு சொல்லிவிடும். என் தங்கை மகளுக்காகச் சேரன்மகாதேவிப் பக்கம் இரண்டு பள்ளிகளைப் பார்க்கப் போயிருந்தேன். முதல் பள்ளியில் ஒரு பையனின் நோட்டில் ‘வாளைப்பளம்’ என்று இருந்தது. டீச்சர் அந்தச் சொல்லை அடிக்கவில்லை. ஓரத்தில் ‘ழ’வை மட்டும் பெரிதாக எழுதி, கீழே நான்கு வரி விட்டிருந்தார். மழை, பழம், விழா, கிழவி என்று அவன் கையெழுத்தில் நான்கு வரியும் நிரம்பியிருந்தது. இரண்டு பக்கம் தள்ளி, ‘வாழைப்பழம்’ சரியாக வந்துவிட்டது. இரண்டாவது பள்ளியில் பிழையான வரிக்கும் சரியான வரிக்கும் ஒரே மாதிரி சரிக்குறி போட்டிருந்தது. யாரோ மொத்தமாக உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட நோட்டு அது. அங்கேதான் புத்தம் புதுக் கட்டடம் இருந்தது. நாங்கள் முதல் பள்ளியில் சேர்த்தோம்.

ஒரு நான்காம் வகுப்புப் பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பாடப் புத்தகம் வேண்டாம், மனப்பாடமாக இருக்கும். வீட்டில் கிடக்கும் பழைய செய்தித்தாளில் ஒரு துண்டைக் கொண்டுபோங்கள். 52-இல் 27 போனால் எவ்வளவு என்று எழுதிப் போடச் சொல்லுங்கள். கடன் வாங்கிக் கழிக்கத் தெரிகிறதா என்பது அதில் தெரியும். திக்கினால் பரவாயில்லை. திக்கும்போது ஆசிரியர் பிள்ளையை அதட்டுகிறாரா, எடுத்துக் கொடுக்கிறாரா என்று அவரைக் கவனியுங்கள்.

இன்னொரு கேள்வியையும் கேட்டுவிட்டு வாருங்கள். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் ‘எண்ணும் எழுத்தும்’ என்று ஒரு திட்டம் நடக்கிறது. பிள்ளைகளை அவர்களுடைய நிலைக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் பாடம் நடத்துவார்கள். “மூன்றாம் வகுப்பில் இன்னும் அரும்பில் இருப்பது யார், யார்?” என்று கேளுங்கள். நல்ல ஆசிரியர் நோட்டைப் புரட்டாமலே பெயர் சொல்வார், அந்தப் பிள்ளைக்கு எந்த எழுத்தில் தடுமாற்றம் என்றும் சொல்வார். “எல்லாரும் நன்றாகப் படிக்கிறார்கள்” என்று மட்டும் பதில் வந்தால் எனக்குச் சந்தேகம்தான்.

கட்டடத்தை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். 2021 டிசம்பரில் நெல்லையில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்துபோனார்கள். விரிசல் விட்ட சுவர், கம்பி தெரியும் கூரை எதுவாக இருந்தாலும் வாய்விட்டுக் கேளுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் பள்ளிக்குள் தண்ணீர் வந்ததா என்றும் விசாரியுங்கள்; ஆற்றங்கரை ஊர்களில் இது அவசியம். கழிப்பறையில் தாழ்ப்பாள் இருக்கிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று உள்ளே போய்ப் பாருங்கள். கழிப்பறை சரியில்லாத பள்ளியில் பெண் பிள்ளைகள் சாயங்காலம் வரை தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து தலைவலி என்று படுப்பது அதனால்தான்.

ஆங்கிலத்தைப் பற்றி உங்கள் மதினி கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. இரண்டு ஆசிரியர் பள்ளியில் பிள்ளை ஆங்கிலம் பேசிப் பழக வாய்ப்புக் குறைவுதான். ஆனால் ஐந்து வருடத்துக்கு 26,000 வீதம் 1,30,000 ரூபாய். ஆங்கிலத்தில் வரும் வீட்டுப்பாடத்தை உங்களால் சொல்லிக் கொடுக்க முடியாவிட்டால் டியூஷன் அதற்கு மேல். தமிழில் படித்தால் பீடி சுற்றிக்கொண்டே நீங்கள் பாடம் கேட்கலாம். ஆறு வயதில் அது எந்த டியூஷனையும்விடப் பெரிய துணை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பார்த்த பிறகும் மனம் ஒப்பவில்லையென்றால் உடனே வேனைத் தேட வேண்டாம். நம் மாவட்டத்தில் திருச்சபைகள் நடத்தும் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகள் ஏராளம். கிராமங்களில் அவற்றிலும் 2024 ஜூலை முதல் காலை உணவு உண்டு. அங்கேயும் ஒரு காலைப் பொழுது போய் உட்காருங்கள்.

யூனியன் பள்ளியில் சேர்த்தால் பள்ளி மேலாண்மைக் குழுவில் இடம் கேளுங்கள். சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். குழாயும் தாழ்ப்பாளும் அங்கே பேசித்தான் சரியாகும்.

கேள்வி: மகன் தனியார் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. அரசுப் பள்ளிக்கு மாற்ற நினைக்கிறோம். ஒரு தவணைக் கட்டணம் பாக்கி இருப்பதால் டி.சி. தர மறுக்கிறார்கள். என்ன செய்வது? (வள்ளியூர் வாசகர்)

பதில்: கட்டண பாக்கிக்காக டி.சி.யை நிறுத்தி வைக்கக் கூடாது என்றும், பாக்கியை டி.சி.யில் எழுதக் கூடாது என்றும் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. டி.சி.க்காகக் காத்திருக்கவும் வேண்டாம். டி.சி. வரவில்லை என்று அரசுப் பள்ளி சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு இடம் தரவில்லை. பையனை நாளைக்கே அழைத்துப் போங்கள். சேர்க்கத் தயங்கினால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள்.

கேள்வி: ஐந்தாம் வகுப்பு வரை தனியாரில் படித்தால், அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான புதுமைப் பெண் கல்லூரி உதவித்தொகையும் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடும் போய்விடுமா? (களக்காடு வாசகி)

பதில்: போகாது. இரண்டுக்கும் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை எங்கே படித்தார் என்றுதான் பார்க்கிறார்கள். ஆறாம் வகுப்புச் சேர்க்கையில் மட்டும் கவனமாக இருங்கள்.