மாறுகண் ஆபரேஷன் செய்த பிறகு கருவிழி ஓரத்தில் பள்ளம் விழுந்தால் பார்வை போய்விடுமா?

உடனே கவனித்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

என் மகளுக்கு ஏழு வயதில் மாறுகண் ஆபரேஷன் நடந்தது. மூக்கோரத் தசையைப் பின்னால் தள்ளித் தைத்து, காதோரத் தசையைக் கொஞ்சம் வெட்டிச் சுருக்கினார்கள். முதல் வாரம் கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. அது எல்லோருக்கும் வருவதுதான். ஒன்பதாம் நாள் காலை ஜன்னலோரம் உட்கார வைத்து மருந்து விடும்போதுதான் பார்த்தேன். காதுப் பக்கத் தையல் போட்ட இடத்தில் வெள்ளை விழி மேடாகப் புடைத்திருந்தது. அதை ஒட்டி, கருவிழி விளிம்பில் நகத்தால் அழுத்தின மாதிரி ஒரு சின்னப் பள்ளம். "மண்ணு விழுந்த மாதிரி இருக்கும்மா" என்றாள். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

டாக்டர் மஞ்சள் சாயம் விட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "டெல்லன்" என்றார். பள்ளம் என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லாம். இமை மூடித் திறக்கும்போதெல்லாம் கண்ணீரைக் கருவிழி மேல் பூசிவிடுகிறது. பக்கத்தில் மேடு இருந்தால் இமை அதன்மேல் ஏறிப் போய்விடும். ஒட்டியுள்ள இடத்துக்குக் கண்ணீர் சேராது. அந்த இடம் காய்ந்து மெலிகிறது. கிருமி காரணமில்லை. அப்படியே விட்டால்தான் புண்ணும் தழும்பும் வரும்.

அவளுக்கு மணிக்கொரு தரம் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, ராத்திரி ஆயின்மென்ட் போட்டுக் கண்ணை மூடிக் கட்டு. நான்கே நாளில் பள்ளம் நிரம்பிவிட்டது. முதலிலேயே அந்தச் சொட்டை எழுதித்தான் கொடுத்திருந்தார்கள். வெறும் ஈரத்துக்குத்தானே என்று மதிய வேளைகளில் நான் விடாமல் இருந்துவிட்டேன். அது இன்னும் மனதை உறுத்துகிறது.

தையல் மேல் சிவப்பாகச் சதை வளர்வதும், சில வாரம், மாதம் கழித்து நீர்க்கொப்புளம் போலக் கட்டி வருவதும் வேறு விஷயங்கள். சில மருந்திலேயே அடங்கும், சிலவற்றை வெட்டி எடுப்பார்கள். வலி கூடினாலோ, சீழ் வந்தாலோ, இமை வீங்கினாலோ, வெளிச்சம் பார்க்க முடியாமல் கூசினாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே போயாக வேண்டும்.

மீதியிருக்கும் ஸ்டீராய்டு சொட்டை நீங்களாக விடாதீர்கள், கண் அழுத்தம் ஏறலாம். கிளம்பும்போது இப்போது விடும் மருந்துப் பாட்டில்கள் எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போங்கள்.