வாசகர் கேள்வி பதில்: டாங்கிகளுக்குப் பின்னால் வந்தவர்கள்

கேள்வி: என் தாத்தா இரண்டாம் உலகப் போரில் தென்னாப்பிரிக்க இந்திய மலாய் படைப்பிரிவில் லாரி ஓட்டுநராகச் சேர்ந்து, 1942இல் லிபியாவின் துறைமுக ஊரான டோப்ருக்கில் சிறைப்பட்டவர். ஜெர்மன் டாங்கிகள்தாம் ஊரைப் பிடித்தன என்று வீட்டில் சொல்வார்கள். பழைய படங்களிலோ டாங்கிகளுக்குப் பின்னால் லாரிகளில் காலாட்படையினர் வருகிறார்கள். அவர்கள் யார்?
வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: முதலில் உங்கள் தாத்தாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வெள்ளையர் அல்லாதவர்களைப் போர்முனைக்கு அனுப்பிய தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸின் அரசு, அவர்கள் கையில் துப்பாக்கி கொடுக்க மறுத்தது. ஆயுதமின்றிக் குண்டுவீச்சுக்கு நடுவே வண்டி ஓட்டிய அவர்களின் துணிவு இன்றுவரை உரிய அளவில் பேசப்படவில்லை.

நீங்கள் படத்தில் கண்டவர்கள் டாங்கிப் படைப்பிரிவுகளுடன் சேர்ந்தே இயங்கிய வாகனக் காலாட்படையினர். ஜெர்மனியின் 15ஆம், 21ஆம் பான்சர் (டாங்கி) படைப்பிரிவுகள் ஒவ்வொன்றிலும் டாங்கி ரெஜிமென்ட்டுடன் காலாட்படை, பீரங்கி, பொறியாளர் பிரிவு ஆகியவையும் இருந்தன. இவை ஒன்றுக்கொன்று கைகொடுத்ததில்தான் அப்படையின் பலம் இருந்தது என்பது என் உறுதியான கருத்து. ஜூன் 20 அன்று காலை, விமானக் குண்டுவீச்சைத் தொடர்ந்து, தென்கிழக்கில் 11ஆம் இந்தியப் பிரிகேடின் மராத்தா வீரர்கள் காத்துநின்ற பகுதியில் தாக்குதல் தொடங்கியபோது, டாங்கிகள் முதலில் வரவில்லை. காலாட்படையினரும் பொறியாளர்களும் முன்னே வந்து, கண்ணிவெடிகளை அகற்றி, மணல் தூர்ந்து ஆழம் குறைந்திருந்த டாங்கி தடுப்பு அகழியைக் கடக்க வழி செய்தபின்னரே, அந்த இடைவெளி வழியாக டாங்கிகள் நுழைந்தன. மாலைக்குள் துறைமுகம் பறிபோயிற்று. மறுநாள் ஊரைக் காத்துநின்ற படையின் தளபதி கிளாப்பர் சரணடைய, ஏறத்தாழ 33,000 பேர் கைதாயினர். அவர்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் தென்னாப்பிரிக்கர்.

அந்தக் கூட்டு இயக்கம் பிசகினால் என்ன நேரும் என்பதற்கு ஏழு மாதங்களுக்கு முன் டோப்ருக்குக்கு அருகே நடந்த சிதி ரெசெக் போர் சான்று. 1941 நவம்பர் 23 அன்று, ஜெர்மன் தளபதி குரூவெல், காலாட்படையினரை வண்டியை விட்டு இறங்கவிடாமல் டாங்கிகளை ஒட்டியே ஓட்டிச்செல்லப் பணித்து, 5ஆம் தென்னாப்பிரிக்கப் பிரிகேடின் மீது நேராகப் பாய்ந்தார். பிரிகேட் அழிந்தது; மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தும் காயமுற்றும் சிறைப்பட்டும் போயினர். ஆனால் தென்னாப்பிரிக்கப் பீரங்கிகள் நெருக்கத்தில் சுட்டதில், கவசமற்ற லாரிகளில் இருந்த ஜெர்மானியர் கொத்துக்கொத்தாக விழுந்தனர், அதிகாரிகளில் பெரும்பாலோர் மாண்டனர் அல்லது காயமுற்றனர், டாங்கிகளிலும் எழுபது வரை நாசமாயின. வென்றவர்களால் ஈடுசெய்ய முடியாத இழப்பு அது.

கேள்வி: ஜெர்மன் ராணுவம் முழுவதுமே இயந்திரமயமானதா?
வாசகர், டோங்காட்

பதில்: இல்லை. 1941இல் ரஷ்யாவுக்குள் நுழைந்த படையுடன் ஆறு லட்சத்துக்கும் அதிகமான குதிரைகள் சென்றன. பெரும்பாலான காலாட்படையினர் நடந்தே போனார்கள். முன்னால் சக்கரமும் பின்னால் சங்கிலிப் பட்டையும் கொண்ட கவச வண்டி, அதாவது பின்கதவைத் திறந்து வீரர்கள் குதித்திறங்கும் அந்தப் புகழ்பெற்ற வண்டி, பான்சர் படைப்பிரிவிலேயே பொதுவாக ஒரு பட்டாலியனுக்குத்தான் கிடைத்தது. மற்றவர்களுக்குச் சாதாரண லாரிதான். ஆப்பிரிக்காவிலோ பிரிட்டிஷாரிடமிருந்து கைப்பற்றிய லாரிகளையே அவர்கள் பெரிதும் நம்பியிருந்தார்கள். 1942 ஜூலையில் இக்காலாட்படை ரெஜிமென்ட்டுகளுக்குப் ‘பான்சர் கிரெனடியர்’ என்று பெயர் சூட்டப்பட்டபோதும் அந்த நிலை மாறவில்லை.

கேள்வி: ஜெர்மன் தளபதி ரோமலின் ஆப்பிரிக்கப் போர் கண்ணியமான போர் என்கிறார்களே, உண்மையா?
வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: போர்க்களத்தில் கைதிகள் பல சமயம் முறைப்படி நடத்தப்பட்டது உண்மைதான். ஆனால் அத்துடன் நிறுத்திக்கொள்வது வரலாறு ஆகாது. ரஷ்யாவில் நச்சுவாயு வண்டிகளால் மக்களைக் கொல்லும் முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான வால்டர் ரௌஃப், 1942 ஜூலையில் டோப்ருக்குக்கே வந்தார். ரோமலின் படை எகிப்தைப் பிடித்ததும் அங்குள்ள யூதர்களை ஒழிப்பதற்கென அமைக்கப்பட்ட தனிக்குழுவின் தலைவர் அவர். அக்குழு எகிப்துக்குள் நுழையாமற்போனதற்குக் காரணம், எல் அலமெயினில் அந்தப் பான்சர் படை தடுத்து நிறுத்தப்பட்டதுதான். தடுத்து நின்றவர்களுள் 1ஆம் தென்னாப்பிரிக்கப் படைப்பிரிவும் உண்டு.