கேள்வித்தாளில் இல்லாதது – கடிதம்

அன்புள்ள ஐயா,
மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தாப்பாவில் எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு அந்தப் பக்கம் சக்காய் என்கிற பூர்வகுடி மக்கள் இருக்கிறார்கள். அவர்களில் படித்தவர்கள் தங்கள் இனத்தைப் பற்றியே ஆய்வு எழுதுகிறார்கள். பாட்டன் சொன்னதைத் திருப்பிச் சொல்வது எப்படிப் புது அறிவாகும்? அவற்றை நான் மேற்கோள் காட்டலாமா? ஆய்வேட்டைத் தமிழில் எழுதவா, மலாயில் எழுதவா? என் அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி.

அன்புள்ள தம்பி,
முதலில் 'சக்காய்' என்ற அந்த இழிசொல்லை விட்டுவிடுங்கள். நம் இந்தியர்களை இழிவாக யாராவது 'கெலிங்' என்றால் உங்களுக்கு எரியாதா? அவர்கள் செமாய்.

எந்த மொழி என்பதைப் பல்கலைக்கழகமே சொல்லிவிடும். மேற்கோள் தாராளமாகக் காட்டுங்கள். ஜூலி எடோ செமாய்க்காரர். பேராக் செமாய் மக்களின் நில உரிமையை ஆராய்ந்து 1998இல் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு கொடுத்தவர். அவரிடமிருந்து தொடங்கலாம்.

பாட்டன் சொன்னதுதானே என்கிறீர்களே, அதுதான் என்னை உட்கார விடவில்லை. அமெரிக்காவில் ராபின் வால் கிம்மரர் என்றொரு தாவரவியலாளர், பொட்டவாட்டமி இனத்துப் பெண். கூடை முடைகிற பூர்வகுடிப் பெண்கள், தாங்கள் பறிக்கும் வாசனைப் புல் சில இடங்களில் குறைவது ஏன் என்று கேட்டார்கள். பறித்தால் அழியத்தானே செய்யும் என்பது மற்ற விஞ்ஞானிகளின் எண்ணம். கிம்மரரின் மாணவி ஒருவர் இடம் பிரித்துச் சோதித்துப் பார்த்தார். பாதிக்கு மேல் எடுக்காமல் பறித்த இடத்தில் புல் தழைத்தது. தொடாமல் விட்ட இடத்தில்தான் நலிந்தது. மரியாதையோடு பறித்தால் புல் தழைக்கும் என்று கூடைக்காரப் பெண்கள் சொல்லிவந்ததும் அதுதான். அதைச் சோதித்துக் காட்டியதுதான் புது அறிவு.

சரி, அவ்வளவு தூரம் எதற்கு? என் அம்மாவும் பால்மரம் வெட்டியவள்தான். நான் சிறுவனாக இருந்தபோது ஓர் ஆய்வாளர் கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு, தோட்டத்துக் கணக்கரான கிராணியோடு எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தார். எத்தனை பிள்ளை, என்ன சம்பளம், கடன் உண்டா? அம்மா கையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். விடியுமுன் நெற்றி விளக்கு வெளிச்சத்தில் கத்தி எவ்வளவு ஆழம் போகலாம் என்பது அவள் மணிக்கட்டுக்குத் தெரியும். கொஞ்சம் கூடினாலும் மரம் காயப்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பக்கத்து நிரையில் கத்தி விழும் சத்தத்தைக் கேட்டே, "எலும்புல பட்டுடுச்சு" என்பாள். அந்தத் தாளில் இதற்கு ஒரு கேள்வி இல்லை. நான் கேட்டு எழுதியிருக்கலாம். கேட்பதற்குள் அவள் போய்விட்டாள்.

உங்கள் அம்மா இருக்கிறார். இந்த வாரம் வீட்டுக்குப் போங்கள். கத்தியை எப்படிப் பிடிப்பார் என்று காட்டச் சொல்லுங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள்.