தூக்க மாத்திரையும் முதியவர்களின் மனக்குழப்பமும்

கேள்வி: நிமோனியாவுக்காக மருத்துவமனையில் சேர்த்திருந்த என் 78 வயதுத் தாயாருக்கு, இரவில் உறங்கவில்லை என்று டயஸிபாம் கொடுத்தார்கள். மறுநாள் எங்களை அடையாளம் தெரியாமல் பிதற்றினார். ‘வயதாகிவிட்டது’ என்கிறார்கள். மாத்திரை காரணமாக இருக்குமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: இருக்கக்கூடும். கடுமையான தொற்றே முதியவர்களிடம் திடீர் மனக்குழப்பத்தை உண்டாக்கும் என்பதால் மாத்திரையை மட்டும் குற்றம் சொல்ல இயலாது; ஆனால் டயஸிபாம் அக்குழப்பத்தைத் தூண்டவும் கூட்டவும் செய்யும். வயது ஏறும்போது உடலில் கொழுப்பின் விகிதம் கூடி, கல்லீரல் மருந்தைச் சிதைக்கும் வேகம் குறைவதால், கொழுப்பில் கரையும் இம்மருந்து இளைஞர்களின் உடலில் தங்குவதைவிட நெடுநேரம் தங்கி, தள்ளாட்டத்தையும் இடுப்பெலும்பை முறிக்கும் வீழ்ச்சியையும் வரவழைக்கிறது. நோயாளியைப் பாராமல் ‘வயதாகிவிட்டது’ என்று ஒதுக்குவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

அமெரிக்க மருத்துவர் மார்க் பியர்ஸ் குழுவினர் 1991-இல் முதியோருக்குப் பொருந்தாத மருந்துகளைப் பட்டியலிட்டனர். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2023-இல் புதுப்பித்த அப்பட்டியலில் டயஸிபாமுடன், சர்க்கரையை நெடுநேரம் தாழ்த்தும் கிளிபென்கிளமைடும், சளிக்கு நாமே கேட்டு வாங்கும் குளோர்பெனிரமினும் உள்ளன. வலிப்பு போன்றவற்றுக்கு டயஸிபாம் தேவைப்படலாம். உறக்கத்துக்கு அதுவே முதல் வழியாக இருக்கக்கூடாது.

வார்டில் தற்காலிகமாகத் தொடங்கிய மாத்திரை, வீடு திரும்பும்போது தரும் சீட்டிலும் தொடர்வதே பெரும் ஆபத்து. எது எத்தனை நாளுக்கு என்று மருத்துவரிடம் கேளுங்கள். பல வாரம் பழகியிருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம் என்பதால், அளவை மருத்துவரே படிப்படியாகக் குறைக்க வேண்டும்.