பரணில் கிடந்த ரெகுலேட்டர்

மாமா விட்டுப்போன ஸ்கூபாப்ரோ எம்கே5-ஐ (கடலில் முக்குளிப்பவர் சிலிண்டர் காற்றைச் சுவாசிக்க உதவும் ரெகுலேட்டர்) சர்வீஸ் செய்வதா, கழிப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். கழித்துவிடாதீர்கள் நண்பரே. குரோம் பூசிய பித்தளை உடல், சிலிண்டர் அழுத்தம் குறைந்தாலும் சீராகக் காற்று தரும் பேலன்ஸ்டு பிஸ்டன், லேசில் கெடாது.

முதலில் சிலிண்டரில் மாட்டும் வாயில் டார்ச் அடித்து ஃபில்டரைப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் உள்ளே உப்புத்தண்ணீர் போயிருக்கிறது. பிரித்துப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது. ஹோஸ், ஓ-ரிங் (ரப்பர் வளையம்), டயஃப்ரம் (ரப்பர் சவ்வு) எல்லாம் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். அப்புறம் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டி இடைநிலை அழுத்தத்தை, அதாவது சிலிண்டர் அழுத்தம் முதலில் குறைக்கப்பட்டு ஹோஸுக்கு வரும் அளவை, கவனியுங்கள். 9 பாரை ஒட்டி அசையாமல் நின்றால் சரி. மெல்ல ஏறிக்கொண்டே போனால் உள்ளே காற்றை அடைக்கும் சீட் போய்விட்டது.

பழைய மாடல் தெரிந்த மெக்கானிக்கோ பாகங்களோ கிடைக்காவிட்டால் மட்டும் புதிதாக வாங்குங்கள். சர்வீஸ் முடியும்வரை நீச்சல் குளத்தில்கூட பழையதை வாயில் வைக்காதீர்கள். ஒன்றரை மீட்டர் ஆழத்தில் சிலிண்டர் காற்றை இழுத்துவிட்டு, பதறி, மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தாலே நுரையீரல் கிழியலாம்.