திபெத்துக் காளானும் ஏற்காட்டுப் பழக்கமும்

கேள்வி: ஜூலையில் திபெத் மலைப்பக்கம் ட்ரெக்கிங் போகிறோம். ஏற்காட்டில் மழைக்குப் புற்றுக்காளான் பறித்துச் சமைத்துப் பழகியவள் நான். அங்கேயும் காளான் முளைக்குமாமே, பறிக்கலாமா?
– ஒரு வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: வேண்டவே வேண்டாம். நீங்கள் பறிக்கும் புற்றுக்காளான், கறையான் தன் கூட்டுக்குள் பயிர் செய்கிற பூஞ்சையிலிருந்து வருவது. புற்றைப் பார்த்துத்தான் நம்பிப் பறிக்கிறீர்கள். நாலாயிரம் மீட்டர் உயரத்தில் புற்றுக்கு எங்கே போவது? பூண்டு போட்டால் கறுக்கும், வெள்ளிக்காசு நிறம் மாறும் என்பதெல்லாம் சும்மா. அமானிட்டா இனத்தில் உயிரைக் குடிக்கும் சில விஷக்காளான்களை எவ்வளவு கொதிக்க வைத்தாலும் விஷம் போகாது, சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் வாந்தி பேதி ஆரம்பிக்கும், நடுவில் ஒரு நாள் சரியாகிவிட்டது போலவே இருக்கும், அப்புறம் கல்லீரல் போகும். அந்த மலையில் ஆஸ்பத்திரிக்கு எத்தனை நாள் நடப்பீர்கள்?

பார்க்க வேண்டியது யார்சாகும்பு. மண்ணுக்குள் இருக்கும் ஒருவகை அந்துப்பூச்சியின் புழுவுக்குள் பூஞ்சை புகுந்து, உள்ளே இருப்பதையெல்லாம் தின்றுவிட்டு, வசந்தத்தில் புழுவின் தலையிலிருந்தே பழுப்புக் குச்சியாய் முளைக்கும். தோண்டி எடுத்தால் புழுவின் காலும் வரிவரியான தோலும் அப்படியே இருக்கும். மே, ஜூனில் தோண்டி முடித்துவிடுவார்கள், நீங்கள் போகும்போது கடையில்தான் பார்க்கலாம். விலை கேட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள், தங்கம் மாதிரி விற்கிறார்கள்.

கேள்வி: நம்ம குறிஞ்சி மாதிரி அங்கே ஏதாவது பூ உண்டா?
– ஒரு வாசகர், ஏற்காடு

பதில்: உண்டு, நீல பாப்பி. கசகசாச் செடியின் சொந்தக்காரன்தான். கற்சரிவில் தண்டெல்லாம் முள்ளாக ஒரு வகை நிற்கும், இதழ் மட்டும் பட்டுத்துணி கசங்கினாற்போல மெல்லிசாக இருக்கும். சில வருஷம் வெறும் இலைக்கொத்தாகத் தரையோடு கிடந்து, ஒரே ஒரு தடவை பூத்து, விதைத்துச் செத்துப்போகும். சேர்வராயன் மலைக் குறிஞ்சியும் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அதைத்தான் செய்கிறது, ஆனால் மொத்தக் கூட்டமும் சேர்ந்து.

கேள்வி: பனிச்சிறுத்தை பார்ப்போமா?
– அதே வாசகி

பதில்: சான்ஸ் ரொம்பக் குறைவு. காட்டுக்கழுதையான கியாங் கூட்டத்தைத் திறந்த சமவெளியில் பார்க்கலாம், மானசரோவர் பக்கமும் மேயும். எனக்குப் பிடித்தது பிகா, உள்ளங்கை அளவில் வாலில்லாத முயல் வகை. அது தோண்டிய வளைக்குள் பனிக்குருவிகள் கூடு கட்டும். மேய்ச்சலைக் கெடுக்கிறது என்று அதை விஷம் வைத்துக் கொன்றார்கள், அதனால் குருவிக்கும் வீடு போயிற்று. வளைப்பக்கம் கூட்டமாய்ப் போனால் ஓடிவிடும். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் அதுவே வெளியே வரும்.